பித்தளையும் பிளாஸ்டிக்கும்: மாதிரி செய்வோர் கவனத்துக்கு

செங்கோட்டைப் பக்கத்திலும் மலைக்கு அப்பால் கொல்லம் வரையிலும், 1877இல் கட்டி முடிக்கப்பட்ட புனலூர் தொங்குபாலத்தைப் பள்ளிக் கண்காட்சிக்கென மாதிரியாகச் செய்பவர்கள் உண்டு. பழுதுபார்ப்புக்காக எங்கள் பட்டறைக்கு வரும் அத்தகைய மாதிரிகளில் பெரும்பாலும் ஒரே குறைதான்: பிளாஸ்டிக் தூணில் ஒட்டிய பித்தளைச் சங்கிலி கழன்றுவிட்டது. பசை மட்டம் என்று கடைக்காரரைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கழன்ற இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், பசை முழுவதும் தூணிலேயே தங்கியிருக்கும். பித்தளை வழவழவென்று துடைத்தாற்போல் இருக்கும். பசை அதைப் பிடிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

மாதிரிப் பெட்டிகளில் வரும் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அதற்கென விற்கும் ‘பிளாஸ்டிக் சிமென்ட்’ என்ற பசை இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது. உலோகம் அதில் கரையாது என்பதால், அங்கே ஃபெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசையோ, இரண்டு குழாய்களில் வரும் அரால்டைட் போன்ற எப்பாக்ஸியோதான் வேண்டும். எதுவானாலும், 400 நம்பர் வாட்டர் பேப்பரால் (நீர் தொட்டு உரசும் உப்புத்தாள்) பித்தளையை உரசிப் பளபளப்பைப் போக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு, ஒட்டும் பரப்பில் விரல் படாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். பெயின்ட் அடித்த இடமானால் அதைச் சுரண்டிவிடுங்கள். இல்லையேல் பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும். அசிட்டோனைப் பிளாஸ்டிக்கின் அருகே கொண்டுவரவே வேண்டாம், பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.

சயனோஅக்ரிலேட் காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுவது. ஆகவே ஆனி, ஆடிச் சாரலில் அது அவசரமாக இறுகுவதோடு, அதன் ஆவி சுற்றிலும் படிந்து வெண்பூச்சாகத் தெரியும். கறுப்பு ரயில் எஞ்சின் மாதிரியில் இந்த வெண்மை படிந்தால் பார்க்கச் சகிக்காது. அந்த மாதங்களில் ஊசி முனையால் தொட்டு வைக்கும் அளவே போதும். பசையைக் கூட்டினால் பிடிப்பும் கூடும் என்பது தவறான எண்ணம். அது மெல்லிய படலமாக இருக்கும்போதுதான் நன்றாகப் பிடிக்கிறது.

இழுவிசை தாங்கும் இடத்தில் பசையை மட்டும் நம்ப வேண்டாம். சயனோஅக்ரிலேட் நேரான இழுப்பைத் தாங்கும். ஆனால் உரித்தெடுக்கும் விசையிலும் அதிர்ச்சியிலும் நொறுங்கும். தூணில் 1 மி.மீ. துளையிட்டு, சங்கிலி முனையில் சாலிடரால் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கலவை) பற்றவைத்த கம்பியை அதில் செருகி, மெதுவாக இறுகும் எப்பாக்ஸியால் நிரப்புவதே எங்கள் வழக்கம். சாலிடர் வேலையைப் பிளாஸ்டிக்கில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். 183 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயம் கலந்த சாலிடரை 100 டிகிரி அளவிலேயே இளகும் பிளாஸ்டிக்கின் மேல் வைக்க முடியாது.

ரயில் மாதிரியில் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டும் நீளமான பித்தளைத் தண்டவாளத்தில் சிக்கல் வேறு. வெப்பத்தில் பாலிஸ்டைரீன் பித்தளையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் நீள்கிறது, 30 செ.மீ. நீளத்துக்கு 20 டிகிரி மாறினால் இரண்டுக்கும் இடையே சுமார் 0.3 மி.மீ. வித்தியாசம் வரும். முழு நீளமும் இறுக ஒட்டினால் ஒன்று பிளாஸ்டிக் வளையும், அல்லது பசை விடும். நடுவில் மட்டும் இறுக ஒட்டி, முனைகள் நகர இடம் விடுவது நல்லது. மழை முடிந்து பங்குனி வெயில் வந்ததும் கழலும் மாதிரிகளில் இந்தக் குறையையே முதலில் தேடுவேன்.

பிள்ளைகள் செய்யும்போது பெரியவர்கள் அருகில் இருக்க வேண்டும். சயனோஅக்ரிலேட் சிந்தினால் பஞ்சு கொண்டு துடைக்காதீர்கள். பஞ்சில் பட்டதும் வினை விரைந்து, தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துப் பையப் பிரிக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. கண்ணில் பட்டால் நீரால் கழுவி உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள், இமையை இழுக்காதீர்கள். எப்பாக்ஸி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால் கையுறை அவசியம். பழைய வெள்ளை உலோக வார்ப்பு உதிரிகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றை நீர் தொட்டு உரசி, தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்பால் கழுவிய பிறகே டீ தம்ளரைத் தொட வேண்டும்.