மூன்றாவது வாரத்துக் கோபம்

அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் யாரும் என்னைத் தேடி வருவதில்லை. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மனநல கிளினிக்குக்கு நோயாளியின் மனைவியோ கணவரோ வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றாவது வாரம் தாண்டித்தான். வரும்போதும் மனசுக்காக வந்ததாகச் சொல்ல மாட்டார்கள். தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஈசிஜி எடுத்தேன், ஒன்றுமில்லை என்று சொல்லி நரம்பு டாக்டரைப் பார்க்க அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். கொஞ்சம் பேச விட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வருவார்கள். "அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, டாக்டர். பிழைத்து வந்த மனிதர் மேல் கோபப்படுகிறேனே, நானெல்லாம் ஒரு பெண்சாதியா?"

அந்தக் கோபத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். தூக்கம் போனவருக்கு, பயத்தைச் சொல்ல ஆள் கிடைக்காதவருக்கு அது வரும். அன்பு இருக்கும்போதே வரும். இங்கே சொல்பவை பலருடைய அனுபவங்களின் கலவை. தனி ஒருவரை யாரும் அடையாளம் காண முடியாது.

மூன்றாவது வாரம் ஏன்? முதல் வாரத்தில் வீடே திரண்டு நிற்கிறது. ஸ்டான்லி மருத்துவமனை வார்டுக்கு வெளியே மைத்துனர் படுத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார். சங்கிலி அடகுக்குப் போகிறது, பணம் புரள்கிறது. வீடு திரும்பியதும் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக உறவினர்கள் வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அதே கதையை முதலிலிருந்து சொல்லி, தேநீரும் போட்டுக்கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அப்புறம் கூட்டம் வடிந்துவிடுகிறது. பொறுத்துக்கொண்டிருந்த தண்டல்காரர் வாசலுக்கு வரத் தொடங்குகிறார். அதுவரை பதற்றத்திலேயே ஓடிய உடம்பு அப்போதுதான் தன் களைப்பைக் காட்டும்.

பைபாஸை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் முதன்முதலாக அது வெற்றிகரமாகச் செய்யப்பட்டது 1975இல், நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். ஐம்பது ஆண்டுகளாக இந்தப் பகுதிக்குப் பழக்கமான சிகிச்சை. ஆனாலும் டிஸ்சார்ஜ் தாளில் நோயாளி என்ன சாப்பிட வேண்டும், எப்போது நடக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். அவரைப் பார்த்துக்கொள்கிறவர் எப்போது தூங்க வேண்டும் என்று எழுதியிருப்பதை நான் பார்த்ததில்லை.

பிளந்த மார்பெலும்பைக் கம்பியால் கட்டிவிடுவார்கள். அது நன்றாகக் கூடிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை எடை தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. ஆக, இரவில் அவர் சிறுநீர் கழிக்க எழும்போதெல்லாம் மனைவியும் எழ வேண்டும். காசிமேட்டில் மீன் கூடைகளைச் சர்வசாதாரணமாகத் தூக்கிய ஆளுக்கு இப்போது மனைவி முதுகு தேய்த்துவிடுகிறார். அந்தக் கூச்சத்தை அவர் வார்த்தையில் சொல்ல மாட்டார். காபி ஆறிவிட்டது, டிவி சத்தம் அதிகம், யாரிடம் இவ்வளவு நேரம் போனில் பேச்சு என்று கத்துவார். சில சமயம் காரணமில்லாமல் அழுவார். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த எரிச்சலும் அழுகையும் பலருக்கு வருகின்றன, பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்தும் விடுகின்றன. இரண்டு வாரங்களுக்கு மேல் சோர்ந்தே கிடந்தால், சாப்பாடும் நடைப்பயிற்சியும் வேண்டாம் என்றால், மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. ஐசியூவில் இருக்கும்போது சிலர், குறிப்பாக வயதானவர்கள், திடீரென்று குழம்பிப்போவார்கள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், மனைவியையே யார் என்று கேட்பார்கள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நடுங்கிப்போகிறார்கள் வீட்டார். இதை மனக்குழப்ப நிலை என்கிறோம். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனால் அந்தக் காட்சி மனைவியின் மனத்தை விட்டு அகல வெகுநாள் ஆகும். அவர் மூச்சு விடுகிறாரா என்று நள்ளிரவில் விளக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆண்களும் வருகிறார்கள், குறைவாகத்தான். கர்ப்பப்பை நீக்கிய பெண் சுமார் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். வியாசர்பாடியின் ஒரு சந்தில் இதற்கு என்ன பொருள்? நிறைந்த பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 கிலோ. அடிபம்பிலோ லாரியிலோ பிடித்த தண்ணீரை இனி கணவர்தான் சுமக்க வேண்டும். கேலி பேசுகிறவர்கள் இரண்டு நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள், அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். அம்மாவைப் பார்த்துக்கொள்ள என்று பத்தாவது படிக்கும் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள், பன்னிரண்டாவது படிக்கும் பையனை யாரும் நிறுத்துவதில்லை. பராமரிப்பு மகளின் வேலை என்று முடிவு கட்டியதும், கணவருக்குக் கவலைப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போகிறது. கையில் வேலையில்லாத கவலை பல வீடுகளில் டாஸ்மாக்கில் போய் நிற்கிறது. ரசம் வைக்கவும் கட்டுப் பிரிக்கவும் கற்றுக்கொண்ட ஆண்கள் அந்த ஆறு வாரத்தைக் கூடுதல் தெம்போடு கடக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இங்கே பொருந்தும். 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை, துணையோடு வாழ்கிறவர்களை, நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். துணையைப் பராமரிப்பதில் மன அழுத்தத்துக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தும் அழுத்தம் இல்லாதவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. அது நீண்டகால நோய்களைப் பற்றிய ஆய்வு, சில வாரக் கவனிப்புக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் பார்த்துக்கொள்வது ஒன்று, அதில் நசுங்கிப்போவது இன்னொன்று என்று அது பிரித்துக் காட்டுகிறது.

நசுங்காமல் இருக்க, முதலில் தூக்கம். தியானம், யோகா எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு இரவாவது வேறு யாராவது நோயாளியின் பக்கத்தில் படுக்க வேண்டும். உறவினர்கள் "எதுவானாலும் சொல்" என்று கிளம்பிவிடுவார்கள். வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்: "செவ்வாய்க்கிழமை ராத்திரி வந்து படுத்துக்கொள், தம்பி." "வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு நீங்கள் கூட்டிப்போங்கள், அண்ணி." கிழமையும் வேலையும் சொல்லிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. "தைரியமாக இரு" என்று மட்டும் சொல்லிப் போகிறவர்களுக்குத் தேநீர்கூடப் போட வேண்டியதில்லை என்பது என் தனிப்பட்ட கருத்து.

நோயாளியால் முடிந்ததை அவரே செய்யட்டும். மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது, உட்கார்ந்தபடி வெங்காயம் உரிப்பது, தெருமுனை வரை நடப்பது. எல்லாவற்றையும் நீங்களே செய்தால் அவருடைய தேறுதலும் தாமதமாகும், உங்கள் இடுப்பும் போகும். மூட்டு மாற்று போன்ற சிகிச்சைக்குப் பின் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்க 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. உங்கள் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கோபத்தை அவரிடமே சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லலாம், சண்டை நடக்கும்போது வேண்டாம். இருவரும் சாப்பிட்டு முடித்த ஒரு நேரத்தில், "ராத்திரி தூங்காததால் எனக்கு எரிச்சல் வருகிறது, உங்கள் மேல் இல்லை" என்று சொன்னால் போதும். பல கணவர்கள் அதைக் கேட்ட பிறகுதான் தங்கள் பயத்தைச் சொல்கிறார்கள்: இனி கடலுக்குப் போக முடியுமா, கடனை எப்படி அடைப்பது?

படுக்கை விஷயத்தையும் விட்டுவிட முடியாது. தையல் பிரிந்துவிடும், இதயம் நின்றுவிடும் என்று பயந்து மாதக்கணக்கில் தள்ளிப் படுக்கும் தம்பதிகள் உண்டு. இதய அறுவை சிகிச்சை ஆனவர் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் தாம்பத்தியம் பொதுவாகப் பாதுகாப்பானதே. மார்பெலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரமாவது விட வேண்டும். செக்கப்பின்போது மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

கடைசியாக, உங்களைப் பற்றி. உங்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்திவிட்டீர்களா? அவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை நீங்கள் போட்டுக்கொள்கிறீர்களா? இரண்டு வாரமாக எதிலும் மனம் ஒட்டாமல், பெரும்பாலான நேரம் துக்கமாகவே இருக்கிறதா? விடிந்தால் எழுந்திருக்காமல் போனால் நல்லது என்று தோன்றுகிறதா? முதல் மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நான்காவதற்கு ஆம் என்றால் இன்றே 14416 என்ற எண்ணை அழையுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. ஒற்றை அறை வீட்டில் அவர் காதில் விழும் என்று தயங்கினால், போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள்.