மூணு பட்டைக்கும் மூணு ஸ்டாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சா ஸ்டேஷன்ல பாதி குழப்பம் இல்ல

எங்க தெருவுல இருக்குற ஒரு அக்காவோட செயின பஸ்ல அறுத்துட்டாங்க, அழுதுகிட்டே பக்கத்துல இருந்த ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க, அங்க டேபிள்ல இருந்தவரு "இது எங்க லிமிட் இல்லம்மா, நீங்க ஏறுன ஊர் ஸ்டேஷன்ல போய் குடுங்க"ன்னு அனுப்பிட்டாரு. இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாருன்னு அக்கா திரும்பி வந்துட்டாங்க. கையில மூணு பட்டை இருந்துச்சா, தோள்ல மூணு ஸ்டார் இருந்துச்சான்னு கேட்டேன். கையிலதான் தம்பி, வி மாதிரி மூணு கோடுன்னாங்க. அப்ப அவரு ஏட்டு. இன்ஸ்பெக்டர் காதுக்கு அந்த விஷயம் போகவே இல்ல.

இத எழுதுறதுக்கு அதுதான் காரணம். யூனிஃபார்ம்ல இருக்குற ஒவ்வொரு அடையாளமும் "இவருகிட்ட என்ன கேக்கலாம், இவரு முடியாதுன்னா அடுத்து யாரு"ன்னு நமக்குச் சொல்லத்தான் இருக்கு. தமிழ்நாட்ட வச்சு சொல்றேன்.

கீழ இருந்து வருவோம். புதுசா சேர்றவரு இரண்டாம் நிலைக் காவலர், கையில பட்டை எதுவும் இருக்காது. அடுத்து முதல் நிலைக் காவலர், ரெண்டு பட்டை. அடுத்து தலைமைக் காவலர், மூணு பட்டை, இவரத்தான் நாம ஏட்டய்யான்னு கூப்பிடுறோம். ஸ்டேஷன்ல ரைட்டர்னு ஒருத்தர் இருப்பாரு, அது ரேங்க் இல்ல, வேலை, பெரும்பாலும் ஒரு ஏட்டுதான் அதப் பாப்பாரு. மனு வாங்குறது, ரிஜிஸ்தர்ல ஏத்துறது எல்லாம் அவரு கையிலதான் நடக்கும், அதனால ஸ்டேஷனே அவருதான்னு நமக்குத் தோணும். பல வருஷம் சர்வீஸ் போட்ட ஏட்டுங்க சிறப்பு எஸ்ஐ ஆவாங்க, எஸ்எஸ்ஐன்னு சொல்றது இவங்களத்தான். வேற பல மாநிலத்துல இந்த எடத்துல ஏஎஸ்ஐன்னு ஒரு ரேங்க் இருக்கு, அவங்களுக்கு ஒரு ஸ்டார்.

எஸ்ஐ, அதாவது உதவி ஆய்வாளர், தோள்ல ரெண்டு ஸ்டார். இன்ஸ்பெக்டருக்கு மூணு ஸ்டார். டிஎஸ்பி, அதாவது துணைக் கண்காணிப்பாளர், அவருக்கும் மூணு ஸ்டார்தான்! இங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க. தோள்பட்டையோட ஓரத்துல, கை ஆரம்பிக்கிற எடத்துல, சிவப்பும் நீலமும் கலந்த ஒரு ரிப்பன் இருந்தா அவரு இன்ஸ்பெக்டர். ரிப்பன் இல்லாம வெறும் மூணு ஸ்டார்னா டிஎஸ்பி. ரிப்பன் எஸ்ஐக்கும் உண்டு. ஐபிஎஸ் பாஸ் பண்ணி ட்ரெய்னிங்ல இருக்குற ஏஎஸ்பி ஒரு ஸ்டார், ரெண்டு ஸ்டார்னு ரிப்பன் இல்லாம வருவாங்க, வயசும் கம்மியா இருக்கும், அவங்கள எஸ்ஐன்னு நெனச்சுக்க வேண்டாம்.

டிஎஸ்பிக்கு மேல சிங்க முத்திரை ஆரம்பிக்குது. முத்திரை மட்டும் இருந்தா ஏடிஎஸ்பி. முத்திரையோட ஒரு ஸ்டார் இருந்தா எஸ்பி, அதாவது கண்காணிப்பாளர், ஒரு மாவட்டத்துக்கே அவருதான் பொறுப்பு. கொஞ்சம் சீனியர் எஸ்பிக்கு ரெண்டு ஸ்டார், முத்திரையோட மூணு ஸ்டார்னா டிஐஜி, அவரு ஒரு சரகத்துக்கு, அதாவது சில மாவட்டங்களுக்குச் சேத்து, பொறுப்பு. ஐஜிக்கு குறுக்கா வச்ச வாளும் தடியும், மேல ஒரு ஸ்டார். அதே வாள் தடிக்கு மேல ஸ்டாருக்குப் பதிலா சிங்க முத்திரை வந்தா ஏடிஜிபி இல்லன்னா டிஜிபி, ரெண்டு பேருக்கும் தோள்ல ஒரே அடையாளம்தான்.

சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை மாதிரி கமிஷனர் இருக்குற ஊர்ல பேரு மட்டும் மாறும், தோள் மாறாது. அங்க ஏசின்னா டிஎஸ்பி, டிசின்னா எஸ்பி, ஜேசின்னா டிஐஜி. அதனால கீழ நான் எஸ்பின்னு எழுதுற எடத்துல எல்லாம் சிட்டிக்காரங்க டிசின்னு படிச்சுக்கோங்க.

சேர்ற வழியும் வேற வேற. காவலருக்கும் எஸ்ஐக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைக்குது, நேரடி டிஎஸ்பிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1, ஐபிஎஸ்ஸுக்கு யுபிஎஸ்சி. போலீஸ் மாநிலப் பட்டியல்ல இருக்குற விஷயம்ங்கறதால ஊருக்கு ஊர் அடையாளம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். கேரளாவுல கான்ஸ்டபிள்ங்கற பேரையே எடுத்துட்டு சிவில் போலீஸ் ஆபீசர்னு வச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச மாத்தம். கொல்கத்தா போலீஸ் வெள்ளை யூனிஃபார்ம், பாண்டிச்சேரி காவலர் தலையில பிரெஞ்சுக்காரங்க காலத்து சிவப்புத் தொப்பி இன்னும் இருக்கு. ஆனா எஸ்பிக்கு மேல ஐபிஎஸ் அடையாளம் நாடு முழுக்க ஒண்ணுதான்.

சரி, இதனால நமக்கு என்னன்னு கேட்டா, சட்டத்துல சில உரிமைங்க ரேங்க வச்சுத்தான் எழுதியிருக்கு. 2024 ஜூலை 1ல இருந்து பழைய சிஆர்பிசிக்கு, அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில இருக்கு. அதோட 173வது பிரிவுப்படி பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குத்தம்னா அது எந்த ஊர்ல நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் சொல்லலாம், அவங்க எழுதி வாங்கி சரியான ஸ்டேஷனுக்கு அனுப்பணும், இதத்தான் ஜீரோ எஃப்ஐஆர்னு சொல்றாங்க. எஃப்ஐஆர் காப்பிய காசு வாங்காம குடுக்கணும். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி, அதாவது இன்ஸ்பெக்டர், சின்ன ஸ்டேஷன்னா எஸ்ஐ, பதிவு பண்ண மாட்டேன்னு சொன்னா அதே புகார எழுதி எஸ்பிக்குத் தபால்ல அனுப்பலாம், அங்கயும் நடக்கலன்னா மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடலாம். அந்த அக்கா விஷயத்துல முதல் படியே ஏறல, பொறுப்பு அதிகாரியப் பாக்காமயே திரும்பிட்டாங்க. மறுநாள் நானும் கூடப் போனேன், ரிப்பனோட மூணு ஸ்டார் இருந்தவரப் பாத்து "சார், ஜீரோ எஃப்ஐஆர் போடுங்க"ன்னு மரியாதையாத்தான் கேட்டோம், போட்டுக் குடுத்தாரு.

வெறும் மனுவா வாங்கி வச்சா சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனு வாங்குனதுக்கான அத்தாட்சி, கேட்டு வாங்குங்க. ஆனா சிஎஸ்ஆர் வேற, எஃப்ஐஆர் வேற, ஒண்ணக் குடுத்துட்டு இன்னொண்ணு குடுத்ததா நெனச்சுக்க விடாதீங்க.

மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை இருக்குற குத்தம்னா முதல்ல விசாரிச்சுப் பாத்துட்டு எஃப்ஐஆர் போடுறோம்னு சொல்லலாம், ஆனா அதுக்கு டிஎஸ்பி அனுமதி வேணும், 14 நாளைக்குள்ள முடிக்கணும். மாசக்கணக்குல "விசாரணையில இருக்கு"ன்னு சொன்னா, டிஎஸ்பி அனுமதி குடுத்தது எந்தத் தேதின்னு கேளுங்க.

வீட்டுல பெரியவங்க இருந்தா இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, 60 வயசுக்கு மேல இருக்குறவங்களையோ உடம்பு முடியாதவங்களையோ மூணு வருஷத்துக்குக் கம்மியா தண்டனை இருக்குற வழக்குல கைது பண்ணணும்னா டிஎஸ்பி ரேங்குக்குக் குறையாத அதிகாரியோட முன் அனுமதி வேணும், அதே புது சட்டத்தோட 35வது பிரிவுல இருக்கு. அதே மாதிரி எஸ்சி எஸ்டி வன்கொடுமை வழக்க விசாரிக்கிறவரு டிஎஸ்பிக்குக் கீழ இருக்கக் கூடாது, 1995 விதிகள்ல 7வது விதி. எஸ்ஐயே விசாரிச்சு முடிச்சுட்டாருன்னா விசாரணையே கோர்ட்ல அடிபடும், பாதிக்கப்பட்டவங்க பக்கம்தான் நட்டம், அதனால ஆரம்பத்துலயே யாரு விசாரணை அதிகாரின்னு எழுத்துல கேட்டுக்கோங்க.

கைது பண்றவரு எந்த ரேங்கா இருந்தாலும் சட்டையில பேரு தெளிவாத் தெரியணும். கைது பண்றப்ப போலீஸ் எப்படி நடந்துக்கணும்னு டி.கே. பாசு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, இப்ப 36வது பிரிவா சட்டத்துலயே இருக்கு. கைதுக் குறிப்புல குடும்பத்துல ஒருத்தரோ அந்தப் பகுதியில மதிப்பான ஒருத்தரோ சாட்சிக் கையெழுத்து போடணும். சூரியன் மறைஞ்ச பிறகு விடியிறதுக்குள்ள பெண்கள கைது பண்ணக் கூடாது, விதிவிலக்கான சூழ்நிலைன்னா பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்கிட்ட அனுமதி வாங்கணும்.

கடைசியா ஒண்ணு, இப்ப வீடியோ கால்ல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு "உங்கள டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணிட்டோம்"னு மிரட்டி காசு புடுங்குறானுங்க. அந்த நேரத்துல ஸ்டாரு, ரிப்பன் எல்லாம் எண்ணிப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, துணிக்கடையில எல்லாமே கிடைக்கும். டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே கிடையாது. கால கட் பண்ணுங்க, காசு போயிருந்தா உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு போன் போடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்கு அந்தக் காச பேங்க்ல நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.