ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால் போதுமா?

நீராவிச் சூட்டில் கிருமிகளைக் கொல்லும் கருவியான ஆட்டோகிளேவைத் திறந்ததும், லேப்பில் எல்லோர் கண்ணும் பொட்டலத்தில் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பின் மேல்தான் போகும். கறுப்புக் கோடு தெரிந்தால், "சரி, ஸ்டெரைல் ஆயிடுச்சு" என்று எடுத்து அடுக்கிவிடுகிறார்கள். பொட்டலத்தில் சூடு பட்டது என்பதற்கு மட்டுமே அந்தக் கோடு அத்தாட்சி. உள்ளே இருந்த கிருமிகள் செத்தனவா என்று அதற்குத் தெரியாது.

121 டிகிரி செல்சியஸ் வெப்பம், 15 பிஎஸ்ஐ அழுத்தம், 15 நிமிடம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கிருமியைக் கொல்வது அழுத்தம் அல்ல, ஈரச் சூடு. உள்ளே நீராவி மட்டுமே இருந்தால்தான் 15 பிஎஸ்ஐக்கு 121 டிகிரி கிடைக்கும். காற்றை வெளியேற்றாமல் வால்வை மூடினால் அழுத்தமானி 15 காட்டும், வெப்பமோ 100 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். அந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு பாக்டீரியாவின் உறங்குநிலை வடிவமான ஸ்போர்கள் பிழைத்துக்கொள்ளும். அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். வால்வில் ஆவி விட்டுவிட்டு வருவது நின்று, சீராகச் சீறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுக்கும் விதத்திலும் காற்று மாட்டிக்கொள்ளும். காற்று நீராவியைவிடக் கனமானது. நிமிர்த்தி வைத்த காலி பீக்கரின் அடியில் அது தங்கிவிடும். படுக்க வைத்தால் வழிந்து வெளியேறும். மூடியை இறுக்கிய பாட்டில், திணித்துக் கட்டிய கழிவுப் பை எல்லாம் இதே கதைதான். அப்புறம், ஒரு லிட்டர் மீடியா (கிருமி வளர்க்கும் ஊட்டத் திரவம்) சூடேற டெஸ்ட் டியூபைவிட அதிக நேரம் பிடிக்கும். அந்த 15 நிமிடத்தை, உள்ளிருக்கும் திரவம் 121 டிகிரியைத் தொட்ட பிறகுதான் எண்ண வேண்டும்.

எண்ணெய், பவுடர் போன்றவற்றுக்குள் நீராவி புகாது. அவற்றுக்கு ஹாட் ஏர் ஓவன்தான்: 160 டிகிரி, 2 மணி நேரம். உலர் சூடு மெதுவாகத்தான் வேலை செய்யும்.

டேப்பை மட்டும் நம்பும் லேப்பை நான் நம்பமாட்டேன். ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் உள்ள ஆம்பூலை (மூடிய சிறு குப்பியை), ஆவி எளிதில் எட்டாத இடத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு 55 முதல் 60 டிகிரிச் சூட்டில் வைத்து இன்குபேட் செய்யுங்கள், அதாவது வளரவிட்டுப் பாருங்கள். ஊதா நிறத் திரவம் மஞ்சளானால் ஸ்போர் பிழைத்திருக்கிறது. அந்த லோடு தேறவில்லை. ஆட்டோகிளேவில் வைக்காத இன்னொரு ஆம்பூலையும் கூடவே இன்குபேட்டரில் வையுங்கள். அதில் ஸ்போர் சாகாததால் அது மஞ்சளாகியே தீர வேண்டும். ஆகாவிட்டால் சோதனையே செல்லாது.