உங்கள் தெருவுக்கு எப்போது தார் விழும்? நகரங்கள் பணம் ஒதுக்குவதும் பட்டியல் போடுவதும்

குண்டும் குழியுமாகக் கிடக்கும் தெருவை விட்டுவிட்டு, பார்வைக்கு நன்றாகவே இருக்கும் பக்கத்துத் தெருவில் தார் வண்டி வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரும். யாரோ செல்வாக்கைக் காட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் ஒழுங்காகத் திட்டமிடும் நகரங்களிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அது புரிந்தால்தான் யாரிடம், எந்த மாதத்தில், எதைக் கேட்பது என்று பிடிபடும்.

முதலில், தெரு யாருடையது

மனு எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊருக்குள் ஓடும் எல்லாச் சாலையும் நகர நிர்வாகத்துக்குச் சொந்தமல்ல. ஊரைக் கடந்து போகும் நெடுஞ்சாலை மாநில அல்லது மத்திய சாலைத் துறையின் கணக்கில் இருக்கும். புதிதாக மனை பிரித்து விற்ற இடங்களில், சாலையை முறைப்படி நகரத்திடம் ஒப்படைக்கும் வரை அது தனியார் சாலைதான். பத்து ஆண்டுகளாக மக்கள் நடந்து பழகிய சாலையாக இருந்தாலும், ஒப்படைப்பு முடியவில்லை என்றால் பராமரிப்புப் பட்டியலில் அதன் பெயரே இருக்காது. இப்படிப்பட்ட தெருவுக்குத் தார் கேட்டு மனு மேல் மனு போடுவது வீண். ஒப்படைப்பை முடிக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். நடைபாதை இன்னொரு சிக்கல். தார்ப் பரப்பு நகரத்தின் பொறுப்பு, வீட்டு முன் நடைபாதையின் பழுது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று விதி வைத்திருக்கும் நகரங்கள் பல.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பொதுச் செலவில் பராமரிக்க வேண்டிய சாலைகளைச் சீராக வைத்திருப்பதை அந்தந்தச் சாலை நிர்வாகத்தின் சட்டக் கடமையாக்குகிறது. 58ஆம் பிரிவு அந்த நிர்வாகத்துக்கு ஒரு தற்காப்பும் தருகிறது. நியாயமான கவனத்தோடு சாலையைக் கவனித்து வந்ததாக நிரூபித்தால் இழப்பீட்டிலிருந்து தப்பலாம். அதனால் அங்கே எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, புகார் எப்போது வந்தது என்ற பதிவேடுதான் வழக்கின் உயிர். எந்த நாட்டில் இருந்தாலும் வாய்வார்த்தையாகப் புகார் சொல்லாமல், எழுத்தில் கொடுத்துப் பதிவு எண் வாங்கச் சொல்வது இதனால்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது

தெருப் பராமரிப்புக்கென்று ஒரே ஒரு வரி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நான்கைந்து குடங்களிலிருந்து ஊற்றித்தான் ஒரு தொட்டி நிரம்புகிறது. சொத்து வரி பொது நிதிக்குப் போகிறது. அங்கே தெருவோடு சேர்ந்து காவல், குப்பை, பூங்கா, சம்பளம் எல்லாம் பங்கு கேட்கும். எரிபொருள் வரியிலும் வாகனப் பதிவுக் கட்டணத்திலும் மேல்மட்ட அரசு ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்கும்.

எரிபொருள் வரியில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வரியை முதலில் போட்ட மாநிலம் ஓரிகன், 1919இல். அந்நாட்டு மத்திய அரசின் பெட்ரோல் வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993இல் வைத்த அந்தத் தொகையை விலைவாசியோடு இணைக்காததால், அதே வரியைக் கொண்டு ஆண்டுக்கு ஆண்டு குறைவான சாலையைத்தான் போட முடிகிறது. அந்த மத்திய நிதியின் வழக்கமான திட்டங்களும் பெரும்பாலும் முக்கியச் சாலைகளுக்கே. குடியிருப்புத் தெருக்கள் அந்த வலைக்குள் வருவதில்லை. சின்னத் தெருவின் சுமை எப்போதும் நகரத்தின் தலையில்தான் விழுகிறது.

தெருவோர மனைக்காரர்களிடமே பங்கு வாங்குவது இன்னொரு வழி. பெரும்பாலும் மனையின் முகப்பு நீளத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். 200 மீட்டர் நீளத் தெரு, இரண்டு பக்கமும் மனைகள் என்றால் மொத்த முகப்பு 400 மீட்டர். உங்கள் முகப்பு 12 மீட்டர் என்றால், மனைக்காரர்கள் தர வேண்டிய தொகையில் உங்கள் பங்கு 3 சதவீதம். மூலை மனைக்கு இரண்டு தெருவிலும் முகப்பு இருப்பதால், ஒரு பக்கத்துக்குச் சலுகை தரும் விதி பல ஊர்களில் உண்டு. இந்த விதிப்பு வருவதாக அறிவிப்பு வந்தால் முகப்பு அளவைக் கட்டாயம் சரிபாருங்கள். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த அளவு தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆட்சேபத்தைக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டம் முடிந்து விதிப்பு உறுதியான பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

கடன் பத்திரம் வெளியிட்டும் சாலை போடுகிறார்கள். தெருவை அடியோடு புதிதாகக் கட்டுவதற்கு அது பொருந்தும். ஆறேழு ஆண்டுகள் தாங்கும் மேற்பூச்சுக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கினால், பூச்சு போன பிறகும் பதின்மூன்று ஆண்டுகள் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தில் நான் முதலில் தேடிப் பார்க்கச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: கடனின் ஆயுள் சாலையின் ஆயுளை மிஞ்சுகிறதா?

மதிப்பெண் போடும் முறை

பட்டியல் போட முதலில் கணக்கெடுப்பு வேண்டும். உலகின் பல நகரங்களில் புழங்குவது பிசிஐ என்ற தள நிலைக் குறியீடு. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1970களில் உருவாக்கிய முறை இது. பிறகு ஏஎஸ்டிஎம் டி6433 என்ற தர விதியானது. புதிய தளத்துக்கு 100, முழுக்கச் செத்துப்போன தளத்துக்கு 0. தார்த் தெருவை ஏறக்குறைய 225 சதுர மீட்டர் துண்டுகளாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆய்வுக்கு எடுத்த ஒவ்வொரு துண்டிலும் விரிசல், பள்ளம், சக்கரத் தடம், ஜல்லி உதிர்தல் என்று பழுதின் வகை, கடுமை, பரவல் மூன்றையும் அளந்து, 100இலிருந்து மதிப்பெண்ணைக் கழிப்பார்கள்.

எல்லா விரிசலும் ஒன்றல்ல. குறுக்கே ஓடும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் வெயிலும் குளிரும் மாறி மாறித் தளம் சுருங்கியதால் வந்தது. அடைத்தால் போதும். சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல் மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிளந்திருந்தால் விஷயம் வேறு. அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையோ மண்ணோ தாங்கவில்லை என்று அர்த்தம். அதன் மேல் எத்தனை முறை தார் ஊற்றினாலும், கொஞ்ச காலத்தில் அதே கட்டங்கள் மேலே எழுந்து வரும். புகார் எழுதும்போது "ரோடு மோசம்" என்று நிறுத்திவிடாமல், "சக்கரத் தடத்தில் முதலைத்தோல் விரிசல், சுமார் 15 மீட்டர் நீளம்" என்று எழுதினால், படிக்கும் பொறியாளருக்கு எந்த வகை வேலை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஏன் மோசமான தெரு முதலில் இல்லை

இனி அந்தக் கோபத்துக்கான பதில். 6 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளமுள்ள தெருவை எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர மீட்டர். மதிப்பெண் 80 அளவில் இருக்கும்போது விரிசலை அடைத்து, 1 சென்டிமீட்டர் கனத்தில் ஸ்லரி என்ற மெல்லிய பூச்சு போட்டால் 12 கன மீட்டர் பொருள் போதும். 60க்கு இறங்கிவிட்டால் 5 சென்டிமீட்டர் தார்க்கலவை வேண்டும். 60 கன மீட்டர், கிட்டத்தட்ட 140 டன். அடித்தளமே நொறுங்கி 30க்குக் கீழே போனால் 40 சென்டிமீட்டர் தோண்ட வேண்டும். 480 கன மீட்டரை வெளியே அள்ளி, அதே அளவைத் திரும்பக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். விலைப்பட்டியல் பார்க்காமலே செலவு எப்படி ஏறுகிறது என்று தெரிகிறதல்லவா?

தளம் சீராகத் தேய்வதில்லை என்பது இதைவிட முக்கியம். முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மெதுவாக இறங்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் அடிப்படுகையை எட்டியபின் மளமளவென்று சரியும். ஏற்கெனவே சரிந்துவிட்ட தெரு இன்னும் இரண்டு ஆண்டு காத்திருந்தாலும் அதற்கான வேலை பெரும்பாலும் மாறாது. எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும். விளிம்பில் நிற்கும் தெரு அதே இரண்டு ஆண்டு காத்திருந்தால் 12 கன மீட்டர் வேலை 60ஆகவும் 480ஆகவும் போய்விடும். மோசமானதை மட்டும் தேடித் தேடிச் செய்யும் நகரம், ஒன்றைச் சரிசெய்யும் நேரத்தில் பல நல்ல தெருக்களை இழக்கிறது.

இதைச் சாக்காக வைத்து மோசமான தெருவை ஆண்டுக்கணக்கில் கைவிடுவதை ஏற்க முடியாது. அங்கேயும் மனிதர்கள் வாழ்கிறார்கள், முதியவர்கள் நடக்கிறார்கள், ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கிறது. நிதியைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைத் தடுப்புப் பராமரிப்புக்கும் மறு பங்கை மறுகட்டுமானத்துக்கும் எழுதிவைப்பதே நேர்மையான திட்டம். உங்கள் ஊர்த் திட்டத்தில் அந்த இரண்டு பங்கும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று கேளுங்கள்.

எளிய கணக்கு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். நகரத்துக்கு 400 கிலோமீட்டர் தெரு, தளத்தின் ஆயுள் சுமார் 20 ஆண்டு என்றால் ஆண்டுக்கு 20 கிலோமீட்டர் புதுப்பித்தாக வேண்டும். திட்டத்தில் 10 கிலோமீட்டர்தான் இருக்கிறது என்றால் ஒரு சுற்று முடிய 40 ஆண்டு ஆகும். யார் நிர்வாகத்தில் இருந்தாலும் அந்த ஊரின் சாலை தேய்ந்துகொண்டேதான் போகும்.

எந்தத் தெருவில் எந்த வண்டி ஓடுகிறது என்பதும் வரிசையை மாற்றும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா அருகே, அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷோ நடத்திய சாலைச் சோதனையிலிருந்து வந்த விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தளத்துக்கு ஏற்படும் சேதம் அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் ஏறும். சுமை இரட்டித்தால் சேதம் 16 மடங்கு. 10 டன் அச்சு ஒரு முறை போவது, 1 டன் அச்சு பத்தாயிரம் முறை போவதற்குச் சமம். குடியிருப்புத் தெருவைத் தேய்ப்பது உங்கள் கார் அல்ல, குப்பை லாரியும் பேருந்தும் கட்டுமானச் சரக்கு லாரியும்தான்.

வேலை எங்கே கெடுகிறது

பள்ளம் அடைப்பதையே பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், 5 சென்டிமீட்டர் ஆழம் என்றால் அழுத்திய பிறகு சுமார் 120 கிலோ கலவை. பள்ளத்தின் ஓரங்களை நேராக, செங்குத்தாக வெட்டி, உதிரிகளைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, ஓரத்திலும் அடியிலும் ஒட்டுத் தார் பூசி, பள்ளத்தின் ஆழத்தில் ஏறக்குறைய கால் பங்கு அளவுக்குச் சுற்றுத் தளத்தைவிட உயரமாகச் சூடான கலவையைக் கொட்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்த வேண்டும். தேங்கிய தண்ணீரிலேயே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால், அடுத்த மழைக்கு அது கையோடு வந்துவிடும். கலவை 80 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறிவிட்டால் ரோலர் எத்தனை முறை ஓடினாலும் இறுகாது. தூரத்திலிருந்து மூடாத வண்டியில் வந்த கலவை பல நேரம் இப்படித்தான் வீணாகிறது.

முழுத் தெருவுக்கும் தார் போடும்போது மில்லிங் செய்கிறார்களா, அதாவது பழைய தளத்தின் மேற்பகுதியைச் சுரண்டி எடுக்கிறார்களா என்று பாருங்கள். ஓரக் கல் 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், பழைய தளத்தைச் சுரண்டாமல் 5 சென்டிமீட்டராக மூன்று முறை ஏற்றினாலே கல் மறைந்துவிடும். அதன் பிறகு மழைநீர் வடிகாலுக்குப் போகாது, வீட்டுக்குள் வரும். மேன்ஹோல் மூடிகள் பள்ளத்தில் கிடக்கும்.

புதிய தளத்தை இரண்டே மாதத்தில் குழாய்க்காகவோ கேபிளுக்காகவோ வெட்டுவது மக்களை மிகவும் நோகடிக்கும் காட்சி. நீர், மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் தார் போடும் பட்டியலை முன்கூட்டியே அனுப்பி, அடியில் செய்ய வேண்டியதை முதலில் முடிக்கச் சொல்வதுதான் தீர்வு. அதன் பிறகு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வெட்டத் தடை. அவசரக் கசிவுக்கு மட்டும் விலக்கு. வெட்டியவர் மூடிய இடம் உள்வாங்கினால் திருத்துவதும் அவர் பொறுப்பே. இங்கிலாந்தில் அதற்கான உத்தரவாதக் காலம் 2 ஆண்டு, ஆழமான தோண்டலுக்கு 3 ஆண்டு. உங்கள் தெருவில் வெட்டிய இடம் இறங்கியிருந்தால் வெட்டியது யார், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். செலவு நகரத்துடையதாக இல்லாமல் போகலாம்.

எப்போது, எதைக் கேட்பது

கணக்கெடுப்பு, வரைவுப் பட்டியல், நிதி ஒதுக்கீடு, எஸ்டிமேட், டெண்டர், வேலை என்று வரிசையாகப் போகும். முதலிலிருந்து கடைசி வரை ஓராண்டுக்கு மேல் எளிதாக ஆகும். தார் வேலைக்கு வறண்ட, சூடான மாதங்கள் வேண்டும். மழைக்காலத்தில் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அந்த ஆண்டே முழுத்தார் கேட்டால் பட்டியல் ஏற்கெனவே மூடியிருக்கும். நிதியாண்டு தொடங்க ஆறேழு மாதம் முன்பு, வரைவுப் பட்டியல் தயாராகும்போது மனு போய்ச் சேர வேண்டும்.

அந்த மனுவில் மூன்று விவரம் கேளுங்கள்: உங்கள் தெருவின் கடைசி மதிப்பெண்ணும் அளந்த ஆண்டும், எந்த ஆண்டில் என்ன வேலை என்று திட்டத்தில் இருக்கிறது, கடைசியாகப் போட்ட தளத்தின் குறை நிவர்த்திக் காலம் எப்போது முடிகிறது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்துக்குள் ஜல்லி பெயர்ந்தால் ஒப்பந்தக்காரர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். முடிந்த மறுநாள் அதே பழுது வரிப்பணத்தில்தான் போகும். காலம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது தெருவை நடந்து பார்த்து, ஒவ்வொரு பழுதையும் வீட்டு எண்ணோடும் தேதியோடும் படம் எடுத்து, ஒரே கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.