ஃபைல் சர்வர்: கோப்பு வழங்கி

பலரும் பயன்படுத்தும் ஃபைல்களை ஓரிடத்தில் வைத்து, நெட்வொர்க் வழியாகக் கேட்பவருக்கு எடுத்துத் தருவது ஃபைல் சர்வர்.

ஃபைல் என்பதன் வேர் 'ஃபீலும்' என்ற லத்தீன் சொல். நூல் என்று பொருள். தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த பழக்கத்தில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம்முடைய 'கோப்பு' பிறந்ததும் கோத்தல் என்ற வினையிலிருந்துதான். இப்படி அச்சாகப் பொருந்தும் கலைச்சொல் அபூர்வம்.

சர்வர், பணிசெய்தலைக் குறிக்கும் 'செர்வீரே' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. தமிழில் சேவையகம், வழங்கி இரண்டும் புழங்குகின்றன. என் ஓட்டு வழங்கிக்கு. அகம் என்றால் இடம். சர்வரோ ஒரு பொறுப்பு. சர்வர்களுக்கான விண்டோஸ் பதிப்பான விண்டோஸ் சர்வரில் ஃபைல் சர்வர் என்பது நாம் சேர்த்துக்கொள்ளும் ஒரு 'ரோல்'. அதே கணினி பிரிண்ட் சர்வராகவும் இருக்கலாம்.

சரி, சாதாரணக் கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால் போதாதா? நாலைந்து பேருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் விண்டோஸ் 10, 11 உரிமப்படி 20 கருவிகள் வரைதான் அப்படி இணையலாம். அதைவிடப் பெரிய குறை, கண்காணிக்கப் போதிய வசதியில்லாதது. ஒருவர் டிஸ்க்கை முழுக்க நிரப்பினாலும் கேட்க ஆளில்லை. விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2-இல் வந்த ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர் இதற்குத்தான்: ஒவ்வொரு ஃபோல்டருக்கும் கோட்டா, அதாவது இட வரம்பு, வைக்கலாம், வீடியோ போன்ற ஃபைல் வகைகளைச் சேமிக்கவே விடாமல் தடுக்கலாம்.

ஒரே ஃபைலைப் பத்துப் பேர் பத்து இடத்தில் வைத்திருப்பது எங்கும் நடப்பது. 2012 பதிப்பில் வந்த டீடூப்ளிகேஷன் ஃபைல்களை 32 முதல் 128 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளும். அனுமதி இல்லாத ஃபோல்டரைக் கண்ணில் படாமலே மறைக்கவும் வசதி உண்டு.

எனக்குப் பிடித்தது ஷேடோ காப்பி. தவறாக அழித்த ஃபைலின் பழைய பதிப்பை, அட்மினைத் தேடாமல் பயனரே மீட்டுக்கொள்ளலாம். இதை பேக்கப் என்று நம்பிவிடக் கூடாது. டிஸ்க் போனால் இதுவும் சேர்ந்து போகும்.

லினக்ஸில் இந்தப் பொறுப்பை 1992 முதல் இருந்துவரும் சாம்பா என்ற மென்பொருள் ஏற்கிறது.

எழுதும்போது 'கோப்பு வழங்கி' என்றே எழுதலாம், நடுவில் ஒற்று மிகாது. சேவையகம்தான் வேண்டுமென்றால் 'கோப்புச் சேவையகம்'.