வளர்ப்புக் கெக்கோவின் உடலில் வீக்கம்: எது சாதாரணம், எது ஆபத்து?

நம் விரலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் சில நாளில் பழுத்து, உடைந்து, வடிந்துவிடும். கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்கு அப்படி நடப்பதில்லை. நம் வெள்ளணுக்களில் இருக்கும், சீழை இளக்கி நீராக்குகிற நொதிகள் ஊர்வனவற்றின் வெள்ளணுக்களில் போதுமான அளவு இல்லை. அதனால் சீழ் பாலாடைக்கட்டியைப் போல உறைந்து கெட்டியாகிறது. அதைச் சுற்றித் தடித்த உறையும் வளர்கிறது. இரத்தத்தில் வரும் ஆன்டிபயாடிக் மருந்து அந்த உறையைத் தாண்டி உள்ளே போவது அரிது. மருத்துவர் கீறி, கட்டியை உறையோடு எடுத்தால்தான் பெரும்பாலும் தீரும். வீட்டில் பிதுக்கினால் எதுவும் வெளியே வராது, உள்ளே கிழிந்து தொற்று பரவும். கெக்கோ வளர்ப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இங்கே பேசுவது லெப்பர்ட் கெக்கோவைப் பற்றி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்த இனம் இது. வளர்ந்த பல்லி பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் எடை இருக்கும். இவ்வளவு சிறிய உடலில் ஒரு பட்டாணி அளவு வீக்கமும் பெரிய விஷயம்தான். ஆனால் எல்லா வீக்கமும் நோயல்ல.

முன்னங்கால்களின் அக்குளில் இரண்டு பக்கமும் மெத்தென்று குமிழ் போலப் புடைத்திருந்தால், பெரும்பாலும் அது தீனி அதிகமானதன் அடையாளம். இந்த இனம் கொழுப்பை வாலில் சேமிக்கும். அங்கே நிரம்பினால் வேறு இடங்களிலும் சேரும். தீனியாகக் கொடுக்கும் மீல்வார்ம் என்ற வண்டுப் புழுவைக் குறைத்து, வளர்ந்த பல்லிக்கு வாரம் இரண்டு மூன்று முறை மட்டும் தீனி கொடுத்தால் மெல்ல வற்றும். குமிழ் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ கெட்டியாக இருந்தாலோ அது வேறு கதை.

தாடையும் கால்களும் தடித்தால் கால்சியக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கிரிக்கெட் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்குத் தேவையோ ஏறத்தாழ 2 பங்கு கால்சியத்துக்கு 1 பங்கு பாஸ்பரஸ். வைட்டமின் டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியமும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்க முடியாது. எனவே பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி எடுக்கிறது. வெறுமையான எலும்பைத் தாங்கிப் பிடிக்க உடல் அங்கே நார்த்திசுவை நிரப்புகிறது. அதனால் தாடை பருத்துத் தெரியும், அழுத்தினால் ரப்பர் போல வளையும். பருமனாக இருப்பது வலு அல்ல, எலும்பு கரைந்ததன் தடயம். இது பெரும்பாலும் இரு பக்கமும் வரும். சீழ்க்கட்டி பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். கால் நடுங்குவதும், வயிறு தரையில் உரச நடப்பதும் கால்சியக் குறைவின் கூட்டாளிகள். பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுப்பது இதைத் தடுக்கும். டி3 கலந்த பொடியை மட்டும் டப்பாவில் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும், மிகுந்தாலும் கேடுதான்.

வயிற்று வீக்கத்தில்தான் அதிகம் ஏமாந்துபோகிறோம். பல்லியைத் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, அடியிலிருந்து பாருங்கள். பெண் பல்லியின் வயிற்றில் இரண்டு வெள்ளை நீள்வட்டங்கள் தெரிந்தால் அவை முட்டைகள். ஆண் துணை இல்லாமலும் முட்டை உருவாகும். அது முட்டையிட, மூடியில் நுழைவழி வெட்டிய டப்பாவில் ஈரமான பாசியோ தென்னை நார்த்தூளோ 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பி வையுங்கள். மண்ணைத் தோண்டித் தோண்டி முக்கியும் முட்டை வராமல் பல்லி சோர்ந்துபோனால் முட்டை சிக்கியிருக்கலாம். அது அவசரம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், வயிற்றை நீவக் கூடாது.

வெள்ளை வட்டம் இல்லை, சாணமும் பல நாளாக இல்லை என்றால் குடல் அடைத்திருக்கலாம். மணலை விழுங்கியதும், தரை போதிய சூடில்லாமல் செரிமானம் நின்றதும் வழக்கமான காரணங்கள். சூடான மூலையின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று வெப்பமானியால் அளந்து பாருங்கள், கையால் தொட்டுச் சொல்லாதீர்கள். வயிறு பெருக்க வால் மட்டும் மெலிந்தால் கவலைப்பட வேண்டும்: ஒட்டுண்ணியோ, உள்ளே நீர் கோத்ததோ, கல்லீரல் கோளாறோ இருக்கலாம்.

ஒரு விரல் மட்டும் வீங்கினால் பூதக்கண்ணாடியால் பாருங்கள். உரியாத தோல் வளையம்போல் இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுத்திருக்கும். 30 டிகிரி வெதுவெதுப்பான நீரில், வயிற்றைத் தொடாத ஆழத்தில், 15 நிமிடம் நிற்க விட்டு, ஈரப் பஞ்சால் உருட்டி எடுக்கலாம். காய்ந்த தோலை இழுத்தால் விரலோடு வரும். விரல் கறுத்துவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும்.

வாரம் ஒரு முறை ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் எடை எடுத்துக் குறித்து வையுங்கள். 10 விழுக்காடு குறைந்தால் காத்திருக்கக் கூடாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவர் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், வீக்கத்திலிருந்து ஊசியில் எடுத்த துளி என்று மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது விடையைத் தேடுவார். போகும்போது எடைக் குறிப்பு, வீக்கத்தின் தேதியிட்ட புகைப்படம், புதிதாக இட்ட சாணம், கூண்டின் இரு மூலைகளின் வெப்ப அளவு, கொடுக்கும் பொடியின் டப்பா ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைத் தப்பித்தவறியும் கொடுக்காதீர்கள். வழியில் பல்லியைத் துணி விரித்த டப்பாவில், 26 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருங்கள். உடல் குளிர்ந்தால் இந்த உயிரின் நோய் எதிர்ப்பும் சோர்ந்துவிடும்.