மைதாவை வெளுக்கும் பென்சாயில் பெராக்சைடு: எவ்வளவு போடலாம், எங்கே பிசகும்?

மைதாவில் அலாக்ஸான் கலக்கிறார்கள், பரோட்டா சாப்பிட்டால் சர்க்கரை நோய் வரும் என்ற வாட்ஸ்அப் செய்தி ஓய்வதே இல்லை. முதலில் அதை முடித்துவிடலாம். அலாக்ஸான் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும் என்பது உண்மை. இந்த விளைவு 1943-இல் கண்டறியப்பட்டது. அன்று முதல் ஆய்வகத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை உண்டாக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். எலியின் ஒரு கிலோ எடைக்கு 150 மில்லிகிராம் வரை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். ஆனால் மாவை வெளுக்க அனுமதிக்கப்பட்ட பொருட்களில் அலாக்ஸான் கிடையாது. அது ஆய்வக ரசாயனம். தண்ணீரில் கரைத்து உடல் சூட்டில் வைத்தால் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். போதாக்குறைக்கு, கையில் பட்டால் தோல் சிவக்கும். அமினோ அமிலங்களோடு சேர்ந்தால் செந்நீல நிறம் வரும். மாவை வெளுக்க நினைக்கிறவர் வாங்கிப் போடக்கூடிய பொருளா அது?

உண்மையில் போடப்படுவது பென்சாயில் பெராக்சைடு. உணவுச் சேர்மங்களுக்கான சர்வதேசக் குறியீட்டில் (INS) இதன் எண் 928. முகப்பருவுக்குத் தடவும் களிம்புகளில் இருப்பதும் இதுதான்.

அரைத்தவுடன் மைதா பளிச்சென்று வெள்ளையாக இருக்காது. லேசான மஞ்சள் படிந்திருக்கும். கோதுமையில் இயற்கையாக உள்ள லூட்டீன் முதலான கரோட்டினாய்டு நிறமிகள்தான் அதற்குக் காரணம். மூட்டையில் சில வாரம் கிடந்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அந்த மஞ்சள் தானே மங்கும். அவ்வளவு நாள் சரக்கை முடக்கி வைக்க எந்த மில்லுக்கும் மனம் வராது. பென்சாயில் பெராக்சைடு இந்த வேலையை ஓரிரு நாளில் முடித்துவிடுகிறது. நிறமியை ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு, தானும் பென்சாயிக் அமிலமாக மாறிவிடும்.

இதில் இரண்டு விஷயம் பேக்கரிக்காரர்களுக்கே பலமுறை குழம்புகிறது. ஒன்று, இது மாவின் பசைத்தன்மையைக் கூட்டாது. மாவு வலுப்பெற அஸ்கார்பிக் அமிலம் போன்ற வேறு பொருள் வேண்டும். வெளுத்த மாவு என்பதற்காக ரொட்டி நன்றாக எழும்பிவிடாது. இரண்டு, தவிட்டின் நிறத்தை இது தொடவே தொடாது. சரியாகச் சலிக்காத, தவிட்டுத் துகள் நிறைந்த மாவில் எவ்வளவு போட்டாலும் பழுப்புப் புள்ளிகள் அப்படியே நிற்கும். மட்ட மாவை ரசாயனம் போட்டு உயர்ந்த மாவாக்கிவிடுகிறார்கள் என்ற பேச்சு பாதிதான் சரி.

அளவுக்கு வருவோம். உணவுச் சேர்மங்களை மதிப்பிடும் உலக நிபுணர் குழு 1963-லேயே ஒரு கிலோ மாவுக்கு 40 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றது. சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வரம்பு 75 மில்லிகிராம். 40 என்றே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு டன் மாவுக்கு 40 கிராம். ஆனால் தூய பென்சாயில் பெராக்சைடை யாரும் மில்லுக்குள் கொண்டு வரமாட்டார்கள், கொண்டு வரவும் கூடாது. உராய்வு, அதிர்ச்சி, சூடு எது பட்டாலும் வெடிக்கக்கூடிய பொருள் அது. எனவே மாவுச்சத்து, கால்சியம் உப்பு போன்றவற்றோடு கலந்து நீர்த்த தூளாகத்தான் விற்கிறார்கள். 27 சதவீதத் தூள் என்றால் டன்னுக்கு 148 கிராம் போடவேண்டும். மணிக்கு இரண்டு டன் மைதா ஓடும் மில்லில், தூளைச் சிறுகச் சிறுக மாவில் விடும் கருவியான ஃபீடரிலிருந்து நிமிடத்துக்கு 5 கிராமுக்கும் சற்றுக் குறைவாகத்தான் விழவேண்டும். ஒரு டீஸ்பூன் உப்பின் எடை.

கோளாறு வருவதும் இங்கேதான். மழைக்காலத்தில் தூள் ஈரம் உறிஞ்சிக் கட்டி தட்டும். ஃபீடர் கொஞ்ச நேரம் எதையும் தள்ளாது. பிறகு கட்டி உடைந்து மொத்தமாகக் கொட்டும். ஒரு மூட்டை மஞ்சளாக, அடுத்த மூட்டை அளவு மீறிப் போகும். மஞ்சள் நிறமி தீர்ந்த பிறகு கூடுதலாகப் போடுவது வெண்மையைக் கூட்டாது. மாவிலுள்ள கொழுப்பையும் வைட்டமின் ஈ-யையும்தான் தாக்கும். மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க இது போதும். ஷிஃப்டுக்கு ஒருமுறையாவது ஃபீடரின் அடியில் தட்டு வைத்து, ஒரு நிமிடம் விழுவதைப் பிடித்து நிறுத்துப் பார்க்கவேண்டும். எத்தனை மூட்டை மாவு, எவ்வளவு தூள் செலவு என்று நாள் முடிவில் கணக்கு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். குத்துமதிப்பாகக் கைப்பிடியில் அள்ளிப் போடும் வேலை அறவே வேண்டாம்.

உண்மையான ஆபத்து அதிகம் இருப்பது தட்டில் அல்ல, அந்த டப்பாவைத் திறக்கிறவரிடம். தூள் கண்ணில் பட்டால் எரியும். சிலருக்குத் தோலில் ஒவ்வாமை கிளம்பும். மாஸ்க், கையுறை, கண்ணாடி மூன்றும் வேண்டும். சூடு படாத இடத்தில், மூல டப்பாவிலேயே வைக்கவேண்டும். சிந்தினால் உலோகக் கரண்டியால் சுரண்டாமல் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள்.

சாப்பிடுகிறவர் பக்கம் கணக்கு இப்படி: 200 கிராம் மைதாவில் 8 மில்லிகிராம் போட்டிருந்தால், முழுவதும் மாறினாலும் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பென்சாயிக் அமிலம். இந்த அமிலத்துக்கு இருந்த பழைய, கடுமையான வரம்பான உடலின் கிலோ எடைக்கு 5 மில்லிகிராமைப் பிடித்தாலும், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. உடல் அதை ஹிப்பூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஆக, சரியான அளவில் இது விஷமல்ல. ஆனால் தேவைதானா என்பது வேறு கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. சீனா 2011 மே 1 முதல் தடை செய்தது, தொழில்நுட்பத் தேவையே இல்லை என்று சொல்லி. கல்லில் சிவக்கப் போகும் பரோட்டாவுக்கு வெளுத்த மாவு எதற்கு என்பதுதான் எங்கள் கருத்தும்.

இதைப் பொட்டாசியம் புரோமேட்டோடு குழப்பவேண்டாம். அது வெளுக்கும் பொருளே அல்ல. ரொட்டி மாவை வலுவாக்கப் போட்டது. புற்றுநோய் ஐயத்தால் இந்தியாவில் 2016-இல் அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்றும் அதைக் கொண்டுவந்து கொடுக்கிற வியாபாரி இருந்தால் வாங்காதீர்கள்.

வெளுக்கும் பொருள் சேர்த்த மைதா மூட்டையில், அப்படிச் சேர்த்திருப்பதையும் பேக்கரி உபயோகத்துக்கு மட்டும் என்பதையும் அச்சிடவேண்டும் என்பது இந்திய விதி. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் சில்லறையாக அள்ளித் தரும் மைதாவைத் தவிர்த்து, லேபிள் உள்ள பாக்கெட்டில் 928 இருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டில் பென்சாயில் பெராக்சைடைக் கண்டுபிடிக்கச் சோதனை எதுவும் இல்லை. நிறத்தை ஒப்பிடமட்டும் ஒரு வழி உண்டு. தெரிந்த மாவையும் புதிய மாவையும் ஒரு பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தட்டையான கரண்டியால் அழுத்தி, பலகையைச் சாய்வாகத் தண்ணீரில் மெல்ல முக்கி எடுங்கள். நனைந்ததும் மஞ்சளும் தவிட்டுப் புள்ளியும் தெளிவாகத் தெரியும். மில்களில் இதைப் பெக்கார் (Pekar) சோதனை என்பார்கள். இளமஞ்சள் தெரிந்தால் அந்த மாவைத் தள்ளவேண்டாம். புள்ளி மொய்த்திருந்தால் யோசியுங்கள்.